கால்கள் கணக்கில் சேராது

செப்டம்பர் 18, திங்கள்

தயாரிப்புப் பிரிவுத் தலைவர் லியாவ் ஜின்-துங் மீது எனக்குள்ள குறைகள், தேதிவாரியாக:

1. ஜூன் 12. புதிய மடிக்கணினியின் தடிமன் 14.9 மில்லிமீட்டர் என்று முடிவாயிற்று. ரேம், தகவல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி இரண்டும் செருகி எடுக்கும்படி இருக்கும்; பேட்டரி திருகாணிகளால் பிணைக்கப்படும். மூன்றுக்கும் அவர் கையொப்பமிட்டார்.

2. ஜூலை 24. வாடிக்கையாளர் நிறுவனம் போட்டியாளரின் கணினி ஒன்றை எங்கோ பார்த்துவிட்டது. தடிமன் 13.9 ஆயிற்று. கணினியின் உடற்கூட்டை வடிவமைக்கும் குழுவுக்கு நான் தலைவன். கூட்டத்துக்கு நான் அழைக்கப்படவில்லை.

3. ஆகஸ்ட் 9. ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்தார்கள். வேகத்துக்கு அது நல்லது என்ற வாதத்தை ஏற்கிறேன். என்னிடம் சொல்லாமல் செய்ததை ஏற்கவில்லை.

4. ஆகஸ்ட் 21. எஸ்எஸ்டியையும் பற்றவைத்தார்கள். தடிமனைத் தவிர இதற்கு வேறு வாதம் கிடையாது. மதர்போர்டு செத்தால், வாங்கியவர் அதில் சேர்த்துவைத்த அத்தனையும் கூடவே சாகும்.

5. செப்டம்பர் 4. பேட்டரிக்குத் திருகாணி போய்ப் பசை வந்தது.

6. செப்டம்பர் 11. கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், "நம்ம எழுத்துமூலம் இன்னும் ஸ்க்ரூ டிரைவர் காலத்துலயே இருக்காரு" என்றார். சிரித்தார்கள்.

7. செப்டம்பர் 14. மதிய உணவுக்கு என்னை விட்டுவிட்டுப் போனார்.

ஏழாவதை அடித்துவிட வேண்டும். அது அலுவலகக் குறை அல்ல.

'எழுத்துமூலம்' என்பது லியாவ் எனக்கு வைத்த பெயர். என் குறிப்புகள் எல்லாம் 'எழுத்துமூலம் பதில் தேவை' என்று முடியும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அப்படித்தான் எழுதுகிறேன். அவன் ஒருமுறைகூட எழுத்தில் பதில் தந்ததில்லை. என் மேசைக்கு வந்து, அதன் மூலையில் உட்கார்ந்து, வாயால் சொல்லிவிட்டுப் போவான். மேலே உள்ள குறைகளைப் பற்றி நான் அனுப்பிய குறிப்புகள் எதற்கும் அவன் வரவில்லை. அதுவே எட்டாவது குறை. எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 20, புதன்

வலது கை தோளுக்கு மேல் உயரவில்லை. எலும்பு மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐம்பது தோள்தான்" என்றார். ஐம்பதைத் தாண்டியவர்களைத் தேடிப் பிடிக்கும் வலிக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள். என் பையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே என் பழைய மடிக்கணினி. ரேம், பேட்டரி, விசிறி, எஸ்எஸ்டி எல்லாவற்றையும் ஒவ்வொரு காலத்தில் நானே மாற்றி, இன்றும் ஓடுகிறது.

"இந்தச் செங்கல்லைத் தினமும் சுமக்கறீங்களா? மெல்லிசா ஒண்ணு வாங்கிக்குங்க சார். இப்பல்லாம் எவ்வளவு லேசா வருது!"

நான் செய்யும் தொழிலை அவரிடம் சொல்லவில்லை.

வலி பிளாஸ்டர் கொடுத்திருக்கிறார். ஒட்ட வேண்டிய இடம் தோள்பட்டைக்குப் பின்னால். இடது கை எட்டாது. வலது கை போகாது.

செப்டம்பர் 21, வியாழன்

பிளாஸ்டரை நாற்காலியின் முதுகில் பசைப் பக்கம் வெளியே இருக்கும்படி தொங்கவிட்டு, சட்டையைக் கழற்றிச் சாய்ந்தேன். விலாவில் கோணலாக ஒட்டிக்கொண்டது. பசைகளைப் பற்றி அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

விவாகரத்தாகி ஒன்பது ஆண்டுகளில் இந்த வீட்டில் இன்னொரு கை தேவைப்பட்டது இன்றுதான் என்று எழுத நினைத்தேன். அது உண்மையல்ல.

செப்டம்பர் 29, வெள்ளி

நிலா விழா. சந்து முழுக்க அடுப்பை வைத்து இறைச்சி சுடுகிறார்கள். தூறல் விழுந்ததும் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு சுடுகிறார்கள். அலுவலகத்தில் கொடுத்த பம்பளிமாஸ் சமையல் மேடையில் கிடக்கிறது. அதை உரிக்க இரண்டு கை வேண்டும்.

கீழே நாலாவது மாடியில் இருக்கும் ஷி டீச்சர் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறி வந்தார். பள்ளியில் பாட்டுக் குழு நடத்தி ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார்.

"நீங்க லேப்டாப் செய்யற கம்பெனிதானே சார்? இது நேத்துலேருந்து கண்ணே திறக்கல."

எங்கள் நிறுவனம் செய்ததல்ல. மெல்லிய, அழகான பொருள். பின்மூடியை நெம்பித் திறந்தேன். மதர்போர்டு செத்திருந்தது. எஸ்எஸ்டி அதிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது.

"பசங்க பாடினது எல்லாம் இதுலதான் வச்சிருக்கேன். ஒவ்வொரு வருஷமும்."

"வேற எதுலயும் எடுத்து வைக்கலையா டீச்சர்?"

"வைக்கணும், வைக்கணும்னு நினைச்சுட்டே இருந்தேன்." அந்தப் பச்சைப் பலகையைக் குனிந்து பார்த்தார். "உள்ளதானே சார் இருக்கு? எங்கயும் போயிடலியே?"

"உள்ளதான் இருக்கு. வெளியே எடுக்கத்தான் வழி வைக்கல."

யார் வைக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. "மெல்லிசா இருக்கேன்னு ஆசைப்பட்டு நான்தானே வாங்கினேன்" என்று தன் மீதே போட்டுக்கொண்டார். போகும்போது பம்பளிமாஸைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து முழுவதையும் உரித்து, வெள்ளைத் தோல்கூட இல்லாமல் சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

பிளாஸ்டரை ஒட்டித் தரச் சொல்லியிருக்கலாம். எப்படிக் கேட்பது? பழம் உரித்துத் தந்த பெண்மணியிடம் திரும்பி நின்று சட்டையைத் தூக்குவதா?

அக்டோபர் 11, புதன்

மதியம் பன்னிரண்டரைக்கு விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். எல்லோரும் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறார்கள். இருட்டில் நான் மட்டும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். முன்பு இந்த நேரத்தில் லியாவும் நானும் ஆற்றங்கரைப் படிக்கட்டில் இருப்போம். இரண்டு பெட்டியிலும் சோயாவில் வெந்த முட்டை ஒவ்வொன்று இருக்கும். அவனுக்கு மஞ்சள் கரு ஆகாது, எனக்கு வெள்ளை பிடிக்காது. இரண்டு பேரும் சேர்ந்தால் எதுவும் மிஞ்சாது.

இன்று வெள்ளையைக் குப்பையில் போட்டேன்.

அக்டோபர் 19, வியாழன்

வெப்பச் சோதனை. 13.9 மாதிரியைச் சூடேற்றும் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல் யுன்-சி ஒரு பச்சைப் பொட்டலத்தை வைத்தாள். இயந்திரங்கள் சமத்தாக இருக்க எல்லோரும் வைக்கிற அதே தேங்காய்ச் சுவைப் பொரிதான். யுன்-சி மதர்போர்டு வடிவமைப்பாளர். என்னை அண்ணே என்று கூப்பிடும் கடைசி ஆள்.

பொட்டலம் வேலை செய்யவில்லை. விசிறி அலறியது. அடியில் காற்று நுழையப் போதிய இடைவெளி இல்லை.

"என்ன செய்யப் போறாங்க?" என்று கேட்டேன்.

"ரப்பர் காலை உயர்த்தறாங்க அண்ணே. 1.2 இருந்ததை 2.2 ஆக்கறாங்க. லியாவ் அண்ணன் ஓகே சொல்லிட்டாரு."

என் மேசைக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். கூட்டிப் பார்க்க வேண்டிய கணக்கே இல்லை அது.

பழைய திட்டம்: உடல் 14.9, கால் 1.2. புதிய திட்டம்: உடல் 13.9, கால் 2.2.

இரண்டும் 16.1.

இந்தத் தொழிலில் தடிமன் என்பது உடலின் தடிமன். ரப்பர் கால்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நானே கையொப்பமிட்ட விதி, இதுவரை எனக்கு உறுத்தாத விதி. ஒரு மில்லிமீட்டரைக் குறைக்க எஸ்எஸ்டியைக் கொன்றார்கள். அதே ஒரு மில்லிமீட்டரைக் காலில் திருப்பிக் கொடுத்தார்கள். மேசை மேல் வைத்தால் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும்.

அக்டோபர் 30, திங்கள்

துணைத் தலைவர் பான் தலைமையில் கூட்டம். நான் அறிக்கை எதுவும் கொண்டுபோகவில்லை. ஜூன் மாதிரியையும் புதிய மாதிரியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டின் மேலும் குறுக்காக ஒரு ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் போய் நின்றது.

பான் குனிந்து குமிழியைப் பார்த்தார்.

"இதுல மெல்லிசு எது?" என்று கேட்டேன்.

லியாவ் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னான். "வலது பக்கம் இருக்கறது. விளம்பரத்துல பதிமூணுன்னு போடலாம்ல. கடைக்கு வர்றவன் எவன்டா காலை அளக்கறான்?"

சிரிப்பு. குமிழியைப் பார்த்து அடங்கியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

பிறகு அவன் சிரிக்காமலும் பேசினான். அதையும் பதிவு செய்கிறேன், நியாயம் என்று ஒன்று இருப்பதால். "நூறு பேர் வாங்கினா மூணு பேர்தான் திறக்கறான். மீதித் தொண்ணூத்தேழு பேர் தோள்ல சுமக்கறான். நர்ஸு, ஸ்டூடண்டு, பஸ்ல நின்னுட்டே வீட்டுக்குப் போறவன். உனக்கு அந்த மூணு பேரைத் தெரியுது. எனக்கு இவங்களைத் தெரியுது. உன் தோளே சொல்லலியா ஃபாங், மெல்லிசு வேணும்னு?"

தோள் விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்? ஒன்றரை மாதமாக என் பக்கம் திரும்பாதவனுக்கு?

ரசமட்டத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தோற்றேன். உடற்கூட்டுக்கு எஃகு அச்சு வெட்டும் நாள் நவம்பர் பதினைந்து. அதன் பிறகு எஃகு எஃகுதான். அதில் எதையும் மாற்ற முடியாது.

நவம்பர் 1, புதன்

எவன்டா காலை அளக்கறான். எவன்டா காலை அளக்கறான்.

நவம்பர் 3, வெள்ளி

யாரும் காலை அளப்பதில்லை என்றால், காலுக்குள் இருப்பதையும் யாரும் அளக்கப் போவதில்லை.

பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது இந்த யோசனை வந்தது. பின்பக்கத்து இரண்டு ரப்பர் கால்களையும் எடுத்துவிட்டு, இடமிருந்து வலமாக ஒரே நீளப் பட்டையாகக் கால் வைத்தால்? எஸ்எஸ்டி அட்டையின் அகலம் இருபத்திரண்டு மில்லிமீட்டர். சூயிங்கம் பட்டை போன்ற பொருள். காலின் உயரத்தையும் உள்ளே மிஞ்சும் இடைவெளியையும் கூட்டினால் அது படுத்துக்கொள்ளும். ரப்பரை உரித்தால் இரண்டு திருகாணி. அவற்றைக் கழற்றினால் அட்டை கையில். உடல் 13.9 ஆகவே இருக்கும். ரேம் போகட்டும். பேட்டரிக்குப் பசையே இருக்கட்டும், இழுத்தால் கழன்று வரும் நாடாப் பசையாக இருந்தால் போதும். இந்த ஒன்றை மட்டும் நான் விடமாட்டேன்.

மவுஸை வலது கை தாங்கவில்லை. இடது கையால் காகிதத்தில் வரைந்தேன்.

யுன்-சியிடம் காட்டினேன். அட்டையைச் செருகும் கனெக்டருக்கு மதர்போர்டில் இடம் இருக்காதே என்பதுதான் என் கவலை.

"இடம் இருக்கு அண்ணே. அதை நான் அழிக்கல, காலியா விட்டு வச்சிருக்கேன்."

"யார் விடச் சொன்னது?"

சொல்லலாமா என்று யோசித்தாள். "லியாவ் அண்ணன்தான். ஆகஸ்டிலயே. 'எழுத்துமூலம் சும்மா இருக்க மாட்டான், எதுக்கும் இடத்தை விட்டு வை'ன்னாரு."

இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. குறைகளின் பட்டியலில் இதற்கு இடமில்லை.

நவம்பர் 6, திங்கள்

அவன் அறைக்குப் போனேன். படத்தை மேசையில் வைத்தேன்.

"என்னடா இது, இடது கையில வரைஞ்சியா? என் பொண்ணு பாலர் பள்ளியிலயே இதைவிட நல்லா வரைஞ்சா."

"படத்தைப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். தோள் எப்படி இருக்கு?"

"படத்தைப் பாரு."

பார்த்தான். காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான்.

"காலுக்குள்ளயா?"

"நீதானே சொன்ன, காலை எவனும் அளக்க மாட்டான்னு."

"அடப்பாவி!" மேசையைத் தட்டிச் சிரித்தான். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு சிரிப்பு நின்றது. "லேட்டுடா. பின்மூடிக்கு அச்சு வெட்ட ஆரம்பிச்சாச்சு. போன வியாழக்கிழமையே."

"பதினஞ்சாம் தேதின்னு இருந்தது."

"நான்தான் முன்னாடி தள்ளினேன். பான் அவசரப்படுத்தினாரு."

"நிறுத்து."

"நிறுத்தினா வசந்தகாலக் கண்காட்சிக்குப் போய்ச் சேராது. வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்றது? நிறுத்தற பேப்பர்ல யார் கையெழுத்தோ அவன் கதை முடிஞ்சுது. உனக்கே தெரியும்."

"எழுத்துமூலம் பதில் வேணும்."

"டேய், முதல்ல சட்டையைத் தூக்கு."

"என்ன?"

"காலர் ஓரமா ஏதோ எட்டிப் பாக்குது. திரும்பு." கதவைச் சாத்தினான். என் முதுகைப் பார்த்து அவன் போட்ட சத்தம் கதவுக்கு வெளியேயும் கேட்டிருக்கும். "இதை எவன்டா ஒட்டினான்?"

"நாற்காலி."

"நாற்காலிக்கு இன்க்ரிமெண்ட்டை நிறுத்து." கோணலாக இருந்ததைப் பிய்த்தான், இரக்கமே இல்லாமல். என் பையிலிருந்து புதிதை எடுத்து, வலி எங்கே என்று விரலால் அழுத்தி அழுத்திக் கேட்டு ஒட்டினான். நான்கு மூலையையும் கட்டைவிரலால் நீவினான். நல்ல பொறியாளன். குமிழியே இல்லாமல் ஒட்டினான்.

படத்தை அவன் மேசையிலேயே விட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

முதுகில் பிளாஸ்டர் இன்னும் இருக்கிறது. மாற்ற வேண்டிய நாள் கடந்துவிட்டது. மாற்றவில்லை.

நவம்பர் 13, திங்கள்

காலையில் மேசை மேல் ஒரு தாள். பின்மூடியின் அச்சு வேலையை நிறுத்தும் ஆணை, நகல். கீழே லியாவ் ஜின்-துங் என்று கையொப்பம். ஓரத்தில் பென்சிலால்: 'எழுத்துமூலம் கேட்டாயே. இதோ.'

இத்தனை ஆண்டுகளில் முதல்முறை.

நன்றி என்று எழுதி அனுப்பலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். 'பெறப்பட்டது' என்று அனுப்பினேன். அதற்கு அவன் அனுப்பிய பதில் ஒரு முட்டையின் படம்.

டிசம்பர் 8, வெள்ளி

முதல் மாதிரி வந்தது. நீளப் பட்டைக் காலோடு. யுன்-சி ரப்பரை உரித்து, இரண்டு திருகாணியைக் கழற்றி, அட்டையை வெளியே இழுத்து, மறுபடி செருகி, கணினியை எழுப்பினாள். எழுந்தது. எதிர்பாராத லாபம் ஒன்று: வெளியேறும் சூடான காற்று மறுபடி அடியில் நுழைவதைப் பட்டை தடுக்கிறது. விசிறி முன்போல் அலறவில்லை.

"பச்சைப் பொட்டலத்தை மாத்தி வச்சேன் அண்ணே. பழசு தேதி முடிஞ்சுபோயிருந்துச்சு. அதான் அப்ப படுத்துச்சு" என்றாள். மறுத்துப் பேச எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

வாடிக்கையாளருக்குப் பிடித்திருக்கிறதாம். பட்டை அழகாக இருக்கிறதாம். ஆனால் வசந்தகாலக் கண்காட்சிக்குப் போய்ச் சேராது என்பது உறுதியாகிவிட்டது. பான் இந்த வாரம் முழுவதும் லியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'தயாரிப்புப் பிரிவு' என்றே கூப்பிடுகிறார்.

டிசம்பர் 22, வெள்ளி

குளிர்கால நடுநாள். லியாவின் மனைவி சூ-ஃபென் எனக்கும் சேர்த்து இனிப்பு அரிசி உருண்டைகளை இஞ்சிச் சாற்றில் போட்டு அனுப்பியிருந்தாள். ஆற்றங்கரைப் படிக்கட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம். இதைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்பார்கள்.

"உனக்கு ரெண்டு உருண்டை குறைவா வச்சிருக்கா. தோளுக்கு இதுக்கு மேல வயசாகக் கூடாதாம்."

"நூத்துல மூணு பேர் கணக்கு உனக்கு எங்கே கிடைச்சது?"

"சும்மா அடிச்சு விட்டேன்."

"உண்மையாவா?"

"உண்மையில ரெண்டுதான்டா. நீ வருத்தப்படுவேன்னு ஒண்ணைக் கூட்டினேன்."

மஞ்சள் கருவை என் பெட்டியில் போட்டான். வெள்ளையை எடுத்துக்கொண்டான்.

ஜனவரி 26, வெள்ளி

ஆண்டிறுதி விருந்து. ஹோட்டலில் கோழியைத் தலையோடு வைப்பதெல்லாம் நின்றுபோய்ப் பல காலம் ஆகிறது. யார் பக்கம் தலை திரும்பியிருக்கிறதோ அவருக்குப் புத்தாண்டுக்குப் பின் வேலை இல்லை என்ற பழைய வழக்கத்தை இன்றும் யாரும் மறக்கவில்லை. ஆனால் பான் பழைய ஆள். முழுக்கோழிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார். பரிமாறுபவர் நாகரிகமாகத் தலையைப் பானின் பக்கமே திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

லியாவ் மேசை நடுவே சுழலும் கண்ணாடித் தட்டில் விரலை வைத்து மெதுவாகத் தள்ளினான். தலை ஒவ்வொருவராகக் கடந்து வந்தது. ஆளாளுக்குக் கூச்சலிட்டார்கள். என்னையும் கடந்தது. தன் எதிரே வந்ததும் நிறுத்தினான்.

"பாருங்கப்பா, என்னையே பாக்குது. காதல்போல இருக்கு."

மேசை அதிர்ந்தது. நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். இந்த ஆண்டில் இதுதான் முதல்முறை.

பான் மட்டும் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 29, திங்கள்

லியாவுக்கு வடக்கு வியட்நாம் ஆலைக்கு இடமாற்றம். 'ஆதரவுப் பணி', மூன்று ஆண்டு. ஆணை ஜனவரி எட்டாம் தேதியே கைக்கு வந்திருக்கிறது. யுன்-சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, சாதாரணமாகச் சொன்னாள்.

நிறுத்தற பேப்பர்ல யார் கையெழுத்தோ அவன் கதை முடிஞ்சுது. சொன்னானே. என்னிடம்தானே சொன்னான். நான் என்ன சொன்னேன்? எழுத்துமூலம் வேணும்னு சொன்னேன்.

பிப்ரவரி 7, புதன்

விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். ஆற்றங்கரைப் படிக்கட்டு.

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப? ஆணையை ரத்து பண்ணுங்கன்னு ஏழு பாயிண்ட் போட்டுப் புகார் எழுதியிருப்ப. உன் வேலையும் போயிருக்கும்."

"எழுதியிருப்பேன்."

"அதான்." முட்டையைக் கத்தியில்லாமல் நூலால் இரண்டாக அறுத்தான். அது அவனுக்குக் கைவந்த வித்தை. "இன்னும் சொல்றேன் ஃபாங், உன் கதவைத் திறக்கப் போறது நூத்துல ரெண்டு பேர்தான்."

"ரெண்டு பேர் போதும்."

"போதும்தான்" என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கு ஆறுதலாக இல்லை.

எழுந்து போகும்போது பையிலிருந்து ஒரு பெட்டி பிளாஸ்டர் எடுத்துக் கொடுத்தான். "நீ சொன்னியே, அந்த நாலாவது மாடி டீச்சரைக் கேளுடா. முதுகுதானே, முகமா காட்டப் போற?"

பிப்ரவரி 17, சனி

நேற்று அவன் விமானம். போகவில்லை. விமான நிலையத்தில் நின்று கையசைக்க எனக்கு எந்தக் கை இருக்கிறது.

பிப்ரவரி 19, திங்கள்

இன்று அனுப்பியது. நகல்.

பெறுநர்: லியாவ் ஜின்-துங், ஆதரவுப் பணி, வடக்கு வியட்நாம் ஆலை.
பொருள்: நிலுவையிலுள்ள குறைகள்.

1. செப்டம்பர் 14. மதிய உணவுக்கு என்னை விட்டுவிட்டுப் போனது. அடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். அடிக்கவில்லை.

2. ஜனவரி 8. ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் எதிரே உட்கார்ந்து, வாத்து இறைச்சியின் உப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசியது.

3. ஜனவரி 26. கோழித் தலை. என்னைச் சிரிக்க விட்டது.

4. சோதனைத் தொகுதிக் கணினி ஒன்று எனக்குத் தரப்பட்டது. வீடுவரை தோளில் சுமந்து வந்தேன். வலிக்கவில்லை. தொண்ணூற்றெட்டுப் பேரைப் பற்றி நீ சொன்னது சரி என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

5. அதை நாலாவது மாடிக்கு எடுத்துப்போய் ஷி டீச்சரிடம் காட்டினேன். ரப்பரை உரித்து, திருகாணிகளைக் கழற்றி, அட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இவ்வளவுதானா?" என்றார். மூடி, திறந்து, மறுபடியும் தானே எடுத்துப் பார்த்தார். நூறில் இரண்டு பேரில் ஒருவர் இவர். உன் கணக்கில் குறித்துக்கொள். பிளாஸ்டர் விஷயம் கேட்கப்படவில்லை.

6. மதியம் ஆற்றங்கரைக்கு ஒரே பெட்டியோடு போகிறேன். வெள்ளைக் கரு மிஞ்சுகிறது. அங்கே உன் மஞ்சள் கருவை யார் சாப்பிடுகிறார்கள் என்ற விவரம் தேவை.

என் மேசையின் மூலையில் வந்து உட்கார்ந்து வாயால் பதில் சொல்லும் உன் வழக்கத்துக்கு இப்போது இடமில்லை. எனவே மேற்கண்ட ஆறுக்கும், குறிப்பாக ஆறாவதற்கு, எழுத்துமூலமான பதில் பிப்ரவரி 29, வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் எனக்குக் கிடைத்தாக வேண்டும்.